நூலும் நேர்கோடும்

நுழையும்முன்

நேரான கோடு வரைவதற்குத் தேர்ந்த கை வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்குத் தேவையானவை இறுக்கிப் பிடித்த ஒரு நூலும், பிழையின்றி அளக்கும் பொறுமையுமே ஆகும். வண்டிகள் நிறுத்தும் முற்றத்தில் நாமே கோடு வரையும் முறையை இப்பாடம் விளக்குகிறது. பொது இடத்தில் வரையப்படும் ஒரு கோடு ஏன் நேராக இருக்க வேண்டும் என்பதையும் இதன்வழி அறிவோம்.

1. ஒரு முற்றம், பல வண்டிகள்

தென் கொல்கத்தாவில், ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே, தொடர்வண்டிப் பாதையை அடுத்து அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி லேக் கார்டன்ஸ் ஆகும். 1920களில் கல்கத்தா மேம்பாட்டுக் குழுமம் சதுப்பு நிலத்தைத் தோண்டி உருவாக்கிய ஏரி அது. 1958ஆம் ஆண்டு அதற்கு இரவீந்திரநாத் தாகூரின் பெயர் சூட்டப்பட்டது. ஏரிக்கு வடக்கே உள்ள லேக் மார்க்கெட்டை நீங்கள் நன்கு அறிவீர்கள். காப்பித்தூளும் அப்பளமும் வாழையிலையும் வாங்கத் தென்னிந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக அங்குதான் செல்கின்றன.

லேக் கார்டன்ஸின் தெருக்களில் முன்பு தனி வீடுகளே மிகுதியாக இருந்தன. இன்று அவற்றுள் பல இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் நான்கு, ஐந்து மாடிகள் கொண்ட அடுக்ககங்கள் எழுந்துள்ளன. தரைத்தளத்தில் தூண்களுக்கு இடையிலும், கட்டடத்தை ஒட்டிய முற்றத்திலும் வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தில் எட்டு, பத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. வண்டிகள் பெருகின, நிலமோ பெருகவில்லை.

வங்காளத்தில் நிலத்தைக் 'காட்டா' என்னும் அளவால் அளப்பர். கொல்கத்தாவில் ஒரு காட்டா என்பது 720 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 67 சதுர மீட்டர் ஆகும். ஒரு மகிழுந்து நிற்பதற்குப் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் ஒதுக்கப்படுகின்றன. இதன் பரப்பு 12.5 சதுர மீட்டர். கணக்கின்படி ஒரு காட்டா நிலத்தில் ஐந்து வண்டிகள் நிற்க வேண்டும். ஆயினும் நிற்க இயலாது. வண்டி உள்ளே வரவும், திரும்பவும், வெளியேறவும் வழி வேண்டும் அன்றோ?

கோடுகள் இல்லாத முற்றத்தில் முதலில் வருபவர் தாம் விரும்பியவாறு நிறுத்துவார். அடுத்து வருபவர் அவருக்கேற்பச் சாய்த்து நிறுத்துவார். ஐந்து வண்டிகள் நிற்க வேண்டிய இடம் மூன்று வண்டிகளால் நிறைந்துவிடும். நான்காவது வண்டி வழியை அடைக்கும். அதனால் நாள்தோறும் சொற்போர் எழும். சொற்போரைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. இரவில் ஒரு முதியவருக்கு நெஞ்சுவலி வந்தால், அவசர ஊர்தி வாயிலுக்கு வர இயலாமல் போகும்.

இடத்தை அதற்குரிய பயனுக்கே விடவேண்டும் என்பதற்கு ஒரு துயரச் சான்று அருகிலேயே உள்ளது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று, லேக் கார்டன்ஸுக்கு அண்மையில் உள்ள தாகுரியாவில் ஒரு மருத்துவமனை தீப்பற்றியது. வண்டிகள் நிறுத்துவதற்கென அனுமதிக்கப்பட்ட நிலவறையில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து எழுந்த புகை மாடிகளுக்குப் பரவியதில் ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர். வண்டி நிற்கும் இடத்தில் வண்டி நிற்பதும், வழியாக உள்ள இடம் வழியாகவே இருப்பதும் உயிர் காக்கும் ஒழுங்குகள் ஆகும்.

2. கோடு வரைய உரிமை யாருக்கு?

பொதுச்சாலையில் நாமாகக் கோடு வரைதல் கூடாது. சாலையில் எங்கே வண்டி நிறுத்தலாம், எங்கே நிறுத்தலாகாது என்பதை வரையறுப்பவை மாநகராட்சியும் காவல்துறையுமே. நம் அடுக்ககத்தின் முற்றம் அங்கு வாழும் அனைவருக்கும் பொதுவானது. எனவே முதலில் குடியிருப்போர் ஒன்றுகூடிப் பேசி, எத்தனை இடங்கள், எந்தப் பக்கம் வழி, யாருக்கு எந்த இடம் என்பவற்றை முடிவு செய்து எழுதிக்கொள்ள வேண்டும். பேசி முடிக்காத முற்றத்தில் வரைந்த கோடு, எவ்வளவு நேராக இருந்தாலும் சண்டையையே வளர்க்கும்.

3. வரைபடம் இடுதல்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சுற்றுச்சுவரை ஒட்டி 13.6 மீட்டர் நீளமும், சுவரிலிருந்து கட்டடம்வரை 11 மீட்டர் அகலமும் உடைய ஒரு முற்றம் இருக்கிறது. இதில் எத்தனை மகிழுந்துகள் நிற்கலாம்?

சுவருக்குச் செங்குத்தாக வண்டிகள் நின்றால், ஒவ்வொன்றும் 5 மீட்டர் ஆழத்தைக் கொள்ளும். அவை திரும்பி வெளியேற ஏறத்தாழ 6 மீட்டர் வழி வேண்டும். ஆக 11 மீட்டர் நிறைந்தது.

இனிச் சுவரின் நீளத்தைப் பகுப்போம். முதல் இடத்தை 3.6 மீட்டர் அகலத்தில் அமைப்போம். சக்கர நாற்காலியில் செல்வோர் வண்டியின் கதவை முழுவதும் திறந்து, நாற்காலியை அருகில் நிறுத்தி, அதில் மாறி அமர்வதற்கு இந்த அகலம் தேவை என்று இந்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அவ்விடம் வாயிலுக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். எஞ்சிய 10 மீட்டரில் 2.5 மீட்டர் அகலமுள்ள நான்கு இடங்கள் அமையும். ஆக மொத்தம் ஐந்து இடங்கள்.

இக்கணக்கில் ஓர் உண்மை மறைந்துள்ளது. வண்டிகள் நிற்கும் பரப்பு 13.6 × 5 = 68 சதுர மீட்டர். வழிக்கு விடும் பரப்பு 13.6 × 6 = 81.6 சதுர மீட்டர். நிற்கும் இடத்தைவிட, நிற்காமல் விடும் இடமே பெரிது! அந்த வெற்றிடத்தில் 'இன்னும் ஒரு வண்டி நிற்கலாமே' என்று எண்ணி நிறுத்தினால், ஐந்து வண்டிகளும் சிறைப்படும்.

4. கை வளையும், நூல் வளையாது

கையால் நீண்ட கோடு இழுக்கும்போது நம் கண், கோட்டின் முனையை மட்டுமே காண்கிறது. தோளும் முழங்கையும் வட்டமாக அசையும் இயல்புடையவை. ஆதலால் கோடு நம்மை அறியாமலே வளைகிறது. இரு புள்ளிகளுக்கு இடையே இறுக்கிப் பிடித்த நூலோ, அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறைந்த தொலைவைத் தானே தேடிக்கொள்கிறது. அந்தக் குறைந்த தொலைவே நேர்கோடு.

உங்கள் தாயாரோ பாட்டியாரோ புள்ளிக்கோலம் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் புள்ளிகளை வைத்து முடித்த பின்னரே கோடுகளை இழுப்பர். புள்ளி தவறினால் கோலம் கோணும். வண்டி நிறுத்தும் கோடும் அத்தகையதே. புள்ளி முதலில், கோடு பிறகு.

தமிழ்நாட்டுக் கொத்தனாரும் தச்சரும் இவ்வுண்மையை நன்கு அறிவர். சுவர் எழுப்பும்போது இரு முனைகளிலும் ஆணியடித்து நூல் கட்டிய பின்னரே இடையில் செங்கல் வைப்பர். 'நூல் பிடித்தாற்போல' என்னும் வழக்கு இதிலிருந்தே பிறந்தது. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அவர்கள் 'ஒரு நூல்' என்பர். வங்காளத்துக் கொத்தனாரும் தச்சரும் அதே அளவை 'ஷுதோ' என்பர். 'ஷுதோ' என்றாலும் நூல் என்றே பொருள். மொழி வேறு, கையிலுள்ள நூல் ஒன்றே.

இவ்வறிவு மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை கட்டும் முறையை நக்கீரர் கூறுகிறார். கட்டடக்கலை அறிந்தவர்கள் கோல் நட்டு, நண்பகலில் அதன் நிழல் விழும் முறையால் திசையைத் துணிந்து, நுட்பமாகக் கயிறு பிடித்து அளந்து மனை வகுத்தனர் என்பது அப்பாட்டு தரும் செய்தி. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுதப்படும் நூலுக்கு 'நூல்' என்னும் பெயர் பொருந்துமாற்றை விளக்கத் தச்சரின் நூலையே உவமையாகக் காட்டுகிறார். தச்சரின் நூல் மரத்தின் வளைவை நீக்க உதவுவதுபோல, கற்கும் நூல் மனத்தின் வளைவை நீக்கும் என்பது அவர் கருத்து.

5. அடிக்கோடும் செங்கோணமும்

இனிப் பணியைத் தொடங்குவோம். அளவுநாடா, உறுதியான நூல், சுண்ணக்கட்டி, நீலப்பொடி அல்லது காவிப்பொடி ஆகியவை நமக்கு வேண்டும். மூவர் சேர்ந்தால் பணி எளிதாகும்.

சுவரை நம்பி அளத்தல் கூடாது. கண்ணுக்கு நேராகத் தோன்றும் சுவரும் நடுவில் சற்றுப் புடைத்திருக்கக்கூடும். எனவே சுவரின் இரு முனைகளிலிருந்தும் 10 சென்டிமீட்டர் தள்ளிப் புள்ளியிட்டு, அவற்றுக்கிடையே நூலை இழுத்துக் கட்டுக. இதுவே அடிக்கோடு. இனி எல்லா அளவுகளும் இக்கோட்டிலிருந்தே எடுக்கப்படும்.

அடுத்து, அடிக்கோட்டின் இரு முனைகளிலும் செங்கோணம் அமைக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் கற்ற செங்கோண முக்கோணம் இங்கே துணை செய்யும். முனையிலிருந்து அடிக்கோட்டின் மீது 4 மீட்டர் அளந்து ஒரு புள்ளி இடுக. அதே முனையிலிருந்து முற்றத்தின் பக்கம் 3 மீட்டர் நீளமுள்ள நூலை நீட்டுக. இரு நுனிகளுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சரியாக 5 மீட்டர் ஆகும்வரை நூலை நகர்த்துக. அப்போது முனையில் உள்ள கோணம் 90 பாகை ஆகும். கட்டடப் பணியில் 'மூலைமட்டம் பார்த்தல்' என்பது இதுவே.

கோணத்தில் சிறு பிழை நேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். 1 பாகை மட்டும் சாய்ந்தால், 5 மீட்டர் தொலைவில் கோடு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு பக்கம் இடமும் மறுபக்கம் வலமுமாகக் கோடுகள் சாய்ந்தால், நடுவில் நிற்கும் வண்டியின் கதவு திறக்காது.

செங்கோணம் அமைந்தபின், இரு முனைகளிலிருந்தும் முற்றத்தை நோக்கி 5 மீட்டர் அளந்து புள்ளியிடுக. அப்புள்ளிகளை இணைக்கும் நூல், அடிக்கோட்டிற்கு இணையான முன்கோடு ஆகும். இப்போது ஒரு நீள்சதுரம் கிடைத்துள்ளது. அதன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14.49 மீட்டர் வரும். இரண்டும் ஒத்தால் நீள்சதுரம் சரி. ஒவ்வாவிட்டால் செங்கோணத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

6. எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கம்

இப்பணியில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. முதல் இடத்தை அளந்து புள்ளியிட்டு, அப்புள்ளியிலிருந்து அடுத்த இடத்தையும், அதிலிருந்து அதற்கடுத்ததையும் அளப்பர். ஒவ்வொரு முறையும் 1 சென்டிமீட்டர் மிகுந்தால், ஐந்தாம் இடத்தில் 5 சென்டிமீட்டர் குறையும். இருபது இடங்கள் உள்ள முற்றத்தில் கடைசி வண்டிக்கு 20 சென்டிமீட்டர் இழப்பாகும். ஒவ்வொருவர் செய்த சிறு பிழையும் கூடி, கடைசியில் நிற்பவர் தலைமீது விழுகிறது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. அளவுநாடாவின் சுழியத்தை முதல் முனையில் வைத்து, பணி முடியும்வரை நகர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். அந்நிலையில் 0, 3.6, 6.1, 8.6, 11.1, 13.6 மீட்டர் என்னும் இடங்களில் புள்ளியிட வேண்டும். முன்கோட்டிலும் அதே பக்கத்திலிருந்து அதே அளவுகளில் புள்ளியிட வேண்டும். ஒரு புள்ளியில் நேரும் பிழை அப்புள்ளியோடு நின்றுவிடும். அடுத்த புள்ளிக்குச் செல்லாது. இப்புள்ளிகள் வரையப்போகும் கோடுகளின் நடுவைக் குறிப்பன என்பதை நினைவிற்கொள்க.

ஒரு தொடக்க அளவைப் பிழையின்றி அமைத்து, பிறவற்றை அதிலிருந்து பெறும் இம்முறையினாலேயே இந்திய நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன், சென்னைப் பரங்கிமலையை ஒட்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி அளக்க 57 நாள்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் ஆதலால், வெப்பமானியைக் கொண்டு அந்த நீட்சியையும் கணக்கிட்டுத் திருத்தினார். அந்த அடிக்கோட்டின் மீது முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, நிலத்தின் தொலைவுகளைக் கணக்கால் பெற்றனர்.

கொல்கத்தாவுக்கும் அவ்வரலாற்றில் இடம் உண்டு. 1831–32இல் ஜார்ஜ் எவரெஸ்ட், நகரின் வடக்கே பாரக்பூர் நெடுஞ்சாலை வழியே ஓர் அடிக்கோட்டை அளந்தார். இரும்பும் பித்தளையும் இணைந்த சிறப்பு அளவுகோல்களை அதற்குப் பயன்படுத்தினார். வெப்பத்தால் ஏற்படும் நீட்சியை ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும்படி அவை அமைந்திருந்தன. அக்கோட்டின் இரு முனைகளில் எழுப்பிய கோபுரங்கள் பாய்க்பாராவிலும் சுக்சாரிலும் இன்றும் நிற்கின்றன. அந்த அளவைத் துறையில் 1831ஆம் ஆண்டு கணக்காளராகச் சேர்ந்த வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தார், பின்னாளில் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைத் தம் கணக்கால் கண்டறிந்தவர் என்று போற்றப்படுகிறார். சென்னையில் தொடங்கிய பணி கொல்கத்தாவில் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் வேர்கொண்டு, வங்காளத்தில் வளரும் நீங்கள் பெருமையுடன் அறியத்தக்க செய்தி இது.

7. நூலடித்தல்

புள்ளிகள் அமைந்தன. இனி அவற்றைக் கோடாக்க வேண்டும். நூலின் மீது நீலப்பொடியை நன்றாகத் தடவுக. ஒருவர் அடிக்கோட்டுப் புள்ளியிலும், மற்றொருவர் முன்கோட்டுப் புள்ளியிலும் நூலைத் தரையோடு அழுத்திப் பிடித்து இறுக்க வேண்டும். மூன்றாமவர் நூலை நடுவில் பிடித்துச் செங்குத்தாக மேலே தூக்கி விட்டுவிட வேண்டும். நூல் தரையில் 'சட்' என்று அடிக்கும். நீலக்கோடு ஒன்று தரையில் பதிந்திருக்கும்.

நூலைப் பக்கவாட்டில் இழுத்து விட்டால் கோடு வளையும். நேர் மேலே தூக்குதல் இன்றியமையாதது. கோடு மிக நீளமாயின், நடுவில் ஒருவர் விரலால் அழுத்திக்கொள்ள, இரு பகுதிகளையும் தனித்தனியே அடிக்கலாம்.

வண்ணம் பூசும் முன் ஒரு வாரம் பொறுத்தல் நல்லது. நூலடித்த தடத்தின் மேல் சுண்ணாம்புத்தூளைத் தூவி, எல்லாரும் வண்டிகளை நிறுத்திப் பார்க்கட்டும். தூணுக்கு அருகில் கதவு திறக்கிறதா? புதிதாக ஓட்டக் கற்றவர் எளிதில் திருப்ப முடிகிறதா? அவசர ஊர்தி நுழைய வழி இருக்கிறதா? குறை இருந்தால் சுண்ணாம்பைக் கூட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். சுண்ணாம்புக்கோடு அழியும், வண்ணக்கோடு நிலைக்கும். மாற்றம் செய்யவேண்டிய காலம் சுண்ணாம்பின் காலமே. அளவுகள் உறுதியானபின், தூளைக் கூட்டித் தரையைக் கழுவி உலர்த்தி, மீண்டும் நூலடித்துக்கொள்ள வேண்டும்.

8. வண்ணம் பூசுதல்

தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் சோப்புநீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தூசியின்மீதும் எண்ணெயின்மீதும் பூசிய வண்ணம் சில நாள்களில் உரிந்துவிடும். புதிதாக இட்ட சிமெண்டுத் தரையாயின் குறைந்தது 28 நாள்கள் கழியவேண்டும்.

கொல்கத்தாவில் ஈரமே பெரும்பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் தரை காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நெகிழித்தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால், வண்ணம் பூசும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள். துர்கா பூசை முடிந்து குளிர் தொடங்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே இப்பணிக்கு ஏற்றது.

சுவருக்குப் பூசும் வண்ணம் வண்டிச் சக்கரத்தின் உராய்வைத் தாங்காது. சாலைக்குறி இடுவதற்கென்றே செய்த வண்ணத்தை வாங்க வேண்டும். வண்ணம் வழுக்காத தன்மையுடையதா என்பதையும் கடையில் கேட்டறிதல் நலம். மழைநீர் பட்ட வழவழப்பான கோட்டில் முதியவர் கால் வழுக்கக்கூடும்.

கோட்டின் அகலம் 10 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். நீலக்கோட்டிற்கு இருபுறமும் 5 சென்டிமீட்டர் தள்ளிக் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் ஓரங்களை விரலால் அழுத்த வேண்டும். இடைவெளியில் உருளைத்தூரிகையால் மெல்லியதாக ஒருமுறை பூசி, உலர்ந்தபின் மறுமுறை பூச வேண்டும். ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் நிற்கும். இரண்டாம் பூச்சு முழுவதும் இறுகும் முன்பே நாடாவைச் சாய்வாக இழுத்து எடுத்தால், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் அமையும்.

எவ்வளவு வண்ணம் வேண்டும்? ஒரு கோட்டின் பரப்பு 5 × 0.1 = 0.5 சதுர மீட்டர். ஆறு கோடுகளுக்கு 3 சதுர மீட்டர். இருமுறை பூச 6 சதுர மீட்டர். ஒரு லிட்டர் வண்ணம் எத்தனை சதுர மீட்டருக்குப் போதும் என்பது கலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணால் 6ஐ வகுத்தால் தேவையான அளவு கிடைக்கும்.

வண்ணத்தின் ஆவி உடலுக்குத் தீங்கு தரும். எனவே காற்றோட்டம் உள்ள பொழுதில், பெரியவர்கள் உடனிருக்க, முகக்கவசமும் கையுறையும் அணிந்தே இதனைச் செய்ய வேண்டும். சிறுவர்கள் அளத்தல், நூல் பிடித்தல், கணக்கிடல் ஆகியவற்றைச் செய்யலாம். கலத்தில் குறித்துள்ள காலம் முடியும்வரை வண்டிகளைக் கோட்டின்மீது ஏற்றலாகாது.

9. கோட்டின் அறம்

தமிழில் 'நேர்மை' என்னும் சொல்லுக்கு நேராக இருத்தல், ஒழுக்கம் தவறாமை என இரு பொருள்களும் உண்டு. நல்லாட்சியைச் 'செங்கோல்' என்றும் தீய ஆட்சியைக் 'கொடுங்கோல்' என்றும் முன்னோர் வழங்கினர். செம்மை என்பது நேர். கொடுமை என்பது வளைவு. 'கோடுதல்' என்னும் வினைக்கு வளைதல் என்று பொருள். மனம் ஒரு பக்கம் சாயாத நிலையைக் 'கோடாமை' என்று திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் கூறுகிறது.

வண்டி நிறுத்தும் கோடும் ஒரு நடுவரே. பெரிய வண்டி வைத்திருப்பவருக்கும் சிறிய வண்டி வைத்திருப்பவருக்கும் அது ஒரே அளவு இடத்தைத் தருகிறது. நெடுநாள் குடியிருப்பவரையும் நேற்று வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவரையும் அது வேறுபடுத்துவதில்லை. நடக்க இயலாதவருக்கு மட்டும் சற்று மிகுதியாகத் தருகிறது. அவருக்கு அது தேவை என்பதால், அதுவும் சமன்செய்தலே ஆகும். வாயிற்காவலர் யாரிடமும் குரல் உயர்த்த வேண்டியதில்லை. தரையில் உள்ள கோடு அவருக்காகப் பேசும்.

கோட்டை வரைவது ஒருநாள் வேலை. அதை மதிப்பது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய வேலை. தனக்கு உரிய இடத்தில் நிறுத்தி, வழியைப் பிறருக்கு விடுபவரே கோட்டை முழுமையாக்குகிறார்.

தெரிந்து தெளிவோம்

• 1911ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எட்வர்டு ஹைன்ஸ் என்பவரின் முயற்சியால் சாலையின் நடுவே பிரிப்புக்கோடு வரையப்பட்டது.
• தமிழின் 'மேஸ்திரி', வங்கத்தின் 'மிஸ்திரி' ஆகிய இரண்டும் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள்.

சொற்பொருள்

அடுக்ககம் – பல குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடம்
நிலவறை – தரைக்குக் கீழ் உள்ள தளம்
மூலைவிட்டம் – எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடு
துணிதல் – உறுதி செய்தல்
கலம் – பாத்திரம், கொள்கலன்
கோடாமை – ஒரு பக்கம் சாயாமை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோடு வரையும்போது சுவரை நம்பி அளத்தல் ஏன் கூடாது?
2. முதல் இடத்திற்கு 3.6 மீட்டர் அகலம் ஒதுக்கப்பட்டது ஏன்?
3. தரையில் ஈரம் உள்ளதை எவ்வாறு அறியலாம்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. எல்லாப் புள்ளிகளையும் ஒரே தொடக்கத்திலிருந்து அளப்பதன் நன்மையை விளக்குக.
2. 'கோடும் ஒரு நடுவரே' – இக்கூற்றை நிறுவுக.

இ. கணக்கிடுக.
ஒரு முற்றத்தில் 2.5 மீட்டர் அகலமுள்ள எட்டு இடங்கள் அடுத்தடுத்து அமையவேண்டும். சுழியத்திலிருந்து புள்ளிகள் இடவேண்டிய அளவுகளை எழுதுக. வரையவேண்டிய கோடுகள் எத்தனை?

ஈ. 'நூல்' என்னும் சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.

உ. செயல்பாடு
நண்பர் இருவருடன் சேர்ந்து, நூலும் சுண்ணக்கட்டியும் மட்டும் கொண்டு, 3, 4, 5 அடி அளவுகளில் பள்ளி முற்றத்தில் ஒரு செங்கோணம் அமைக்க. உங்கள் பகுதியில் பணிபுரியும் கொத்தனார் ஒருவரிடம் அவர் பயன்படுத்தும் கருவிகளின் வங்கப் பெயர்களைக் கேட்டு, அவற்றுக்கு உரிய தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் அறிந்து அட்டவணைப்படுத்துக.